தரங்கம்பாடித் துறையும் தொலைநாட்டுப் போர்களும்

வாணிகம் என்பது வாங்குவோனும் விற்போனும் தம்முள் பேசி முடிக்கும் காரியம் என்றும், அரசர்களுடைய பகையும் நட்பும் அதற்குப் புறம்பானவை என்றும் எண்ணுவோர் நம் நண்பர்களுள் பலர் உளர். சென்ற பருவத்தில் விடுதி நண்பர் ஒருவரோடு இப்பொருள் குறித்து நெடுநேரம் வழக்காட நேர்ந்தது. அவர் பொருளியல் பயில்பவர். சரக்கு நல்லதாய், விலையும் ஒத்திருப்பின், கப்பல் தானே துறை தேடி வரும் என்று அவர் சாதித்தார். தமிழ் பயிலும் எனக்கு அவ்வியலில் மிக்க பயிற்சி இல்லை. ஆயினும் என் ஊராகிய சீர்காழியைச் சூழ்ந்துள்ள கடற்கரைப் பட்டினங்கள் அவர் கூற்றுக்கு மாறான சான்று பகர்கின்றன என்பது என் துணிபு. அவற்றுள் தரங்கம்பாடி ஒன்றே போதும். ஆதலின் அவ்வூரின் கதையை முதன்மையாகக் கொண்டு, அதனோடு ஒட்டிய சில செய்திகளையும் சேர்த்து ஈண்டு எழுதப் புகுந்தேன். குறையிருப்பின் ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவர்களும் பொறுத்தருள்வாராக.

சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர்கள் உண்டு. அவற்றுள் தோணிபுரம் என்பது ஒன்று. ஊழி வெள்ளத்தில் தோணியாய் மிதந்த ஊர் என்பது புராணம். அத்தோணிபுரத்திலிருந்து தென்கிழக்கே, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இருப்பது பூம்புகார். அங்கே ஏற்றுமதியாகும் பொருள்களின்மீதும் இறக்குமதியாகும் பொருள்களின்மீதும் சுங்கம் கொள்வோர் சோழனுடைய புலி முத்திரையைப் பொறித்தனர் என்று பட்டினப்பாலை கூறுகின்றது. இச்செய்தியை நாம் வகுப்பில் பட்டினத்தின் செல்வச் சிறப்பிற்கு எடுத்துக்காட்டாகவே படிக்கிறோம். ஆயின் அம்முத்திரைக்கு வேறொரு பொருளும் உண்டு. மூடையின்மீது ஒரு மன்னனது இலச்சினை விழுந்த அளவிலே, அஃது இன்ன வணிகனுடைய சரக்கு என்பதோடு நில்லாமல், இன்ன நாட்டின் சரக்கும் ஆகிவிடுகிறது. அந்நாட்டிற்கு நண்பராயினார் அதனைக் காப்பர், பகைவராயினார் கைப்பற்றுவர். மூடைக்குள் இருப்பது மிளகோ துணியோ என்பதை அவர்கள் பின்னரே பார்ப்பர்.

சோழப் பேரரசின் காலத்திலேயே இதற்கு ஒரு பெரிய சான்று கிடைக்கின்றது. ஸ்ரீவிஜயத்து மன்னன் நாகபட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 1006-ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். கடல் கடந்த நாட்டு மன்னனுடைய பள்ளிக்குச் சைவனாகிய சோழன் காவிரி நாட்டு நெல்லை வழங்கினான் என்றால், அந்நட்பின் அடியில் மலாக்கா நீரிணை வழியே சீனம் சென்று மீளும் கப்பல்களின் நலம் இருந்திருத்தல் வேண்டும். ஆயின் இருபது ஆண்டுகள் செல்லுமுன், 1025-இல், இராசராசன் மகன் இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படை செலுத்திக் கடாரம் முதலிய துறைகளை வென்றான். படையெடுப்பின் காரணம் குறித்து வரலாற்றாசிரியர்கள் ஒருமுகமாகக் கூறவில்லை. சீனத்தோடு சோழர் நடத்திய வாணிகத்தை இடையிலிருந்த ஸ்ரீவிஜயம் தடுத்தது என்பாரும் உளர். வெற்றிப் புகழ் ஒன்றே நோக்கம் என்பாரும் உளர். எனக்கு முன்னையதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீனப் பேரரசன் அவைக்குச் சென்றது; 1033-லும் 1077-லும் மீண்டும் தூதர் சென்றனர். தூதர் செல்லும் வழியை நீரிணைக்கு உரியவன் அடைத்தால், தூது அனுப்பியவன் வாளாவிரான்.

நண்பர் இங்கே இடைமறித்து, போருக்குப் பின்னரும் வாணிகம் நடந்ததன்றோ என்று கேட்டார். நடந்தது, ஐயமில்லை. சுமத்திரா தீவில் பாரூஸ் என்னும் இடத்தருகே 1088-ஆம் ஆண்டிற்குரிய தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. வாணிகம் நீர் போன்றது. மடை அடைபட்டால் வேறு வழி தேடிப் பாயும். அவ்வளவில் நண்பர் கூற்றை ஏற்கிறேன். ஆயின் எந்த மடை அடைபடும், எந்த வயல் காயும், எவன் வயலில் நீர் நிறையும் என்பவற்றை முடிவு செய்வது நீரன்று. காவிரிக் கடைமடையில் பிறந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. தரங்கம்பாடிக்கு வருவோம். சீர்காழியிலிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தெற்கே சென்றால் அவ்வூரை அடையலாம். நகர வாயிலைக் கடந்து நேரே நடந்தால் கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை நிற்கும். தெரு அமைதியாயிருக்கும், சுற்றுலா வருவோர் படம் பிடித்துக்கொண்டிருப்பர். இங்கே இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் டென்மார்க்கு நாட்டுக் கொடி பறந்தது என்பதைப் பலர் அறிவர். அக்கொடி இங்கே வந்ததும், நிலைத்ததும், தழைத்ததும், இறங்கியதும் பெரும்பாலும் பிற நாடுகளின் உறவினாலும் பகையினாலுமே என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதற்கண், டேனியர் தரங்கம்பாடியை நாடிப் புறப்பட்டவரே அல்லர். இலங்கையில் போர்த்துக்கீசியரால் நெருக்குண்ட கண்டியரசன் ஐரோப்பிய நாடொன்றின் துணையைத் தேடினான். அவனுடைய தூதன் என்று சொல்லிக்கொண்டு போஷௌவர் என்னும் ஒல்லாந்தர் கோப்பன்ஹேகன் சென்று, நான்காம் கிறிஸ்டியன் மன்னனோடு 1618-இல் உடன்படிக்கை செய்தார். அதனை நம்பி ஓவே கெட்டே என்னும் இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. தூதர் வழியிலேயே இறந்தார். கப்பல்கள் 1620-இல் இலங்கையை அடைந்தபோது, கண்டியரசன் அவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்துவிட்டான். இதற்கிடையே, முன்னதாக வந்த டேனியக் கப்பலொன்று காரைக்கால் அருகே போர்த்துக்கீசியரால் தாக்குண்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். அவர் வாயிலாகவே 1620 நவம்பர் 19-இல் தஞ்சை உடன்படிக்கை கைகூடியது. தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் மிளகு முதலியவற்றை ஏற்றவும் டேனியர் உரிமை பெற்றனர். ஆண்டுதோறும் குத்தகை செலுத்தவும் இசைந்தனர். இரகுநாதர் பொன்னேட்டில் தமிழில் எழுதி டேனிய மன்னனுக்கு விடுத்த திருமுகம் இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

நாயக்கர் ஏன் இதற்கு இசைந்தார்? நாகபட்டினத்தில் போர்த்துக்கீசியர் வேரூன்றியிருந்தனர். துறையொன்றில் வாங்குவோன் ஒருவனே இருப்பானாயின், அவன் சொன்னதே விலை, வைத்ததே சட்டம். இரண்டாவது வாங்குவோன் ஒருவன் வந்து சேர்ந்தால் முன்னவனுடைய செருக்குக் குறையும். நாட்டிற்கு நாடு உறவு கொள்வதில் இப்பழைய சந்தைக் கணக்கு என்றும் மறைந்திருக்கின்றது என்பது என் எண்ணம்.

உடன்படிக்கை வந்தது, கப்பல் வந்ததா எனின், அதுதான் வியப்பான செய்தி. டென்மார்க்கு முப்பதாண்டுப் போரில் தலையிட்டுத் தோல்வியுற்றது. பின்னர் 1643-லும் 1657-லும் சுவீடனோடு போர் மூண்டு கருவூலம் வறண்டது. 1650-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. தரங்கம்பாடியை அந்நாடு ஏறக்குறைய மறந்தேபோயிற்று. கோட்டையில் இருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராய் மடிய, 1655 முதல் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்னும் ஒருவரே தலைவராய் எஞ்சி நின்றார். அவர் பெரிய குடும்பத்தவர் அல்லர். எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர். உள்ளூர் வீரர்களைக் கொண்டு கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். தாய்நாட்டிற்குக் கடிதம் மேல் கடிதம் விடுத்தார். கடைசியில் 1669-இல் பேரோ என்னும் கப்பல் கண்ணிற்பட்டது. பால்டிக் கடலோரத்தில் இரண்டு அண்டை நாடுகள் கொண்ட பகைக்காகக் காவிரிக் கரையில் ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகள் காத்துக் கிடந்தார். இக்கதையை முதன்முதல் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

கப்பல் வாராத காலத்தில் அவர்கள் எதனால் பிழைத்தனர் என்று கேட்கலாம். வங்காளத்தில் முகலாயர் ஆட்சியோடு டேனியர் 1642-இல் போர் அறிவித்தனர். போர் என்ற பெயர் இருந்ததனால் வங்கக் கப்பல்களைப் பிடிப்பது கொள்ளை என்னும் பெயரிலிருந்து தப்பியது. அப்போர் 1698-இல்தான் முறைப்படி முடிந்தது. ஜாவாவில் பாந்தம் துறையை ஒல்லாந்தர் 1682-இல் தமதாக்கிக்கொண்டபோது, ஆங்கிலேயரோடு டேனியரும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். சோழமண்டலத் துணியைக் கொடுத்து மிளகு வாங்கிய ஒரு வழி அதனோடு அடைபட்டது.

தமிழ் பயில்வோர்க்கு நெருங்கிய செய்தி ஒன்று இங்கே நினைவிற்கு வருகிறது. சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார் என்பதும், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார் என்பதும் நாம் அறிந்தவை. அவருக்கென இலண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தார் 1711-இல் அச்சுப்பொறி ஒன்றைக் கப்பலேற்றினர். அப்போது இங்கிலாந்தும் பிரான்சும் ஸ்பெயின் நாட்டு அரியணை குறித்துப் போரிட்டுக்கொண்டிருந்தன. அக்கப்பல் பிரேசில் கடற்கரையில் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கியது. உடன் வந்த அச்சர் பின்னர் வழியிலேயே இறந்தார். நற்பேறாக அச்சுப்பொறி மட்டும் தப்பி, 1712-இல் தரங்கம்பாடியை அடைந்தது. ஸ்பெயின் அரியணையில் எவர் அமர்வது என்னும் வழக்கில் தமிழ் அச்சுக்கலை ஒரு மயிரிழையில் தப்பியது என்றால் மிகையாகாது.

இனி அவ்வூர் தழைத்த காலம். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்தை எதிர்த்துப் போர் தொடங்கின. 1778-இல் பிரான்சு அவற்றோடு சேர்ந்தது. அவ்வாண்டே புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தனர். 1780 இறுதியில் ஒல்லாந்தும் போரில் சிக்கியது. இந்நிலையில் டென்மார்க்கு யாது செய்தது? உருசியாவோடும் சுவீடனோடும் சேர்ந்து, போரில் கலவாத நாடுகளின் கப்பலை எவரும் தடுத்தல் ஆகாது என்று 1780-இல் ஒரு கூட்டு அமைத்து, இரு சாராரோடும் வாணிகம் நடத்தியது. போரிடும் நாடுகளின் கப்பல்கள் கடலில் இறங்க அஞ்சின. டேனியக் கொடி கட்டிய கப்பலோ அச்சமின்றி ஓடியது. காப்பீட்டுக் கட்டணம் அதற்குக் குறைவு. சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பெனி ஊழியர்கள் தாம் தனிப்படச் சேர்த்த பெருஞ்செல்வத்தைத் தாய்நாட்டிற்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தனர். அவர்கள் அப்பணத்தை டேனியரிடம் கொடுத்தனர். டேனியர் அதனைக்கொண்டு துணி வாங்கிக் கோப்பன்ஹேகனில் விற்று, ஐரோப்பாவில் உண்டியல் வழியே திருப்பிச் செலுத்தினர். இவ்வாறு ஆங்கிலேயர் பணத்திலேயே ஆங்கிலேயரோடு போட்டியிட்ட வாணிகம் நடந்தது. பொருளியல் நண்பர் இதனைக் கேட்டு முறுவலித்தார்.

இதனை நாகபட்டினத்தோடு ஒப்பிட்டுக் காணுதல் வேண்டும். இரண்டும் ஒரே கரையில், ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள ஊர்கள். பின்நிலத்து நெல்லும் ஒன்றே, நெசவும் ஒன்றே, பருவக்காற்றும் ஒன்றே. நாகபட்டினம் 1658 முதல் ஒல்லாந்தர் கையில் இருந்தது. சோழமண்டலத்தில் அவர்களுடைய தலைமையிடமும் அதுவே. தொலைவிலிருந்த தம் நாடு போரில் புகுந்த ஒரே காரணத்தால், 1781 நவம்பரில் அது ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1784-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னரும் திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் தரங்கம்பாடியில் பண்டகசாலைகள் நிரம்பின. சரக்கும் விலையும் மட்டுமே கப்பலை அழைக்குமாயின், இவ்விரு துறைகளின் கதி இவ்வாறு பிரிந்திருத்தல் இயலாது.

அப்போர்க் காலத்தில் காவிரி நாடு பட்ட பாட்டையும் சொல்லாமல் விடுதல் தகாது. ஐதர் அலியின் படை 1781-இல் தஞ்சை நாட்டிற் புகுந்தது. அணைகளும் வாய்க்கால்களும் சிதைந்தன, மாடுகள் கொள்ளை போயின, விளைச்சல் வீழ்ந்தது. தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் தலையெடுத்தது. நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமல் இல்லை. ஆயின் முன்னர்க் கொடுத்த நெல்லுக்கு விலை பெறாத குடிகள் அரசரையும் கம்பெனியாரையும் நம்பாது, நெல்லைக் கொண்டுவர மறுத்தனர். அந்நிலையில் சுவார்ட்சு ஐயரை வேண்டினர். விலையைத் தாமே கொடுப்பதாக அவர் வாக்களித்தார். சில நாட்களில் ஆயிரம் எருதுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சென்றது என்று அவரே எழுதியுள்ளார். இதனைச் சமயப் பெருமைக்காக நான் ஈண்டுக் குறிக்கவில்லை. அரசும் குடியும் கொண்ட நம்பிக்கை முறிந்தால், இரண்டு கல் தொலைவிலுள்ள நெல்லும் இரண்டாயிரம் கல் தொலைவிலுள்ளது போலாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை யான் கண்டதில்லை.

நடுநிலை தந்த செல்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் எழுந்த போர்களிலும் டேனியர் அதே வழியைப் பின்பற்றினர். ஆனால் எல்லை கடந்தனர். மொரீசியசிலிருந்த பிரெஞ்சுக்காரர் பிடித்த கப்பல்களும், பத்தாவியாவிலிருந்து வந்த ஒல்லாந்தர் சரக்கும், தரங்கம்பாடியில் டேனியப் பெயரும் டேனியத் தாள்களும் பெற்றுக் கடலேறின. உடையவன் ஒருவன், பெயர் வேறொருவன். ஆங்கிலேயர் இதனை அறியாதவர் அல்லர். 1801 ஏப்ரலில் கோப்பன்ஹேகன் துறையில் ஆங்கிலக் கடற்படை டேனியக் கடற்படையைத் தாக்கியது. அடுத்த மாதமே ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றி, 1802-இல் திருப்பிக் கொடுத்தனர். 1807 செப்டம்பரில் கோப்பன்ஹேகன் நகர் மூன்றிரவுகள் குண்டுமாரியால் எரிந்தது. கடற்படை முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அச்செய்தி கடல் கடந்து வந்து, 1808 பிப்ரவரியில் தரங்கம்பாடிக் கோட்டையில் மீண்டும் ஆங்கிலக் கொடி ஏறியது. இம்முறை இறங்க ஏழாண்டுகள் ஆயின.

1815-இல் ஊர் திரும்பக் கிடைத்தது, வாணிகம் திரும்பவில்லை. வாங்குவோர் வேறு துறைகளுக்குப் பழகிவிட்டனர். 1799 முதல் தஞ்சை நாடு ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தமையால், தரங்கம்பாடியைச் சூழ்ந்த நிலமெல்லாம் அவர்களுடையதாய், ஊர் ஒரு தீவு போலாயிற்று. அன்றியும் இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்து கைத்தறித் துணியின் சந்தையைக் கெடுத்தது. கடைசியில் 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சீராம்பூரும் பிறவும் சேர்ந்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் நாகபட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தது. தரங்கம்பாடித் துறை ஓய்ந்தது. நாகபட்டினம் போரினால் வீழ்ந்து புகைவண்டியினால் எழுந்தது. தரங்கம்பாடி போரினால் எழுந்து அமைதியில் வீழ்ந்தது.

இவ்வளவிலும் நெசவாளருடைய பெயர் எங்கும் வரவில்லை என்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். கவர்னர்கள் பெயரும் கப்பல்கள் பெயரும் ஏட்டில் உள்ளன. 1808-இல் முன்பணம் கொடுத்த வணிகன் திடீரென மறைய, தறியில் பாதி நெய்த துணியோடு நின்றவர் எவர் எனத் தேடினேன், கிடைக்கவில்லை. கோப்பன்ஹேகன் என்ற பெயரை அவர்கள் கேட்டிருப்பார்களோ என்னவோ.

இனி நெல்லைப் பற்றிச் சிறிது கூறுவாம். டேனியர் கதை பழங்கதை என்று தள்ளுவோர் பர்மா அரிசியின் கதையைத் தள்ள முடியாது. அதனை வாய்மொழியாகக் கேட்டவர் இன்றும் நம் ஊர்களில் உளர். கீழ்ப்பர்மாவை 1852-இல் ஆங்கிலேயர் கைப்பற்றியபின், ஐராவதி ஆற்றுப்படுகை நெற்களஞ்சியம் ஆயிற்று. நம் நாட்டுக் கூலியாட்கள் அங்கே உழைத்தனர்; செட்டிநாட்டு வணிகர் அங்கே கடன் கொடுத்தனர். 1930-களில் விலை வீழ்ச்சி உலகெங்கும் பரவியபோது, பிற நாடுகளில் விலைபோகாத பர்மா அரிசி சென்னை மாகாணத்திற்கு வந்து குவிந்தது. தஞ்சை நெல்லின் விலை ஏறக்குறைய பாதியாயிற்று. மிராசுதார்கள் வரி போடுக என்று முறையிட்டனர். ஆயின் அன்று பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம்! தன் மாகாணத்துச் சரக்கின்மீது ஒரு நாடு இறக்குமதி வரி எவ்வாறு விதிக்கும்? அரசாங்கம் 1935-இல் அயல்நாட்டு நொய்யரிசிக்கு மட்டும் வரி விதித்தது. சயாம் அரிசி தடைப்பட்டது. பர்மா அரிசி தடையின்றி வந்தது. 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா தனியே பிரிந்தது. பிரிந்த பின்னரும் பழைய வாணிக உறவு தொடருமாறு ஏற்பாடு இருந்ததனால், அரிசியின் வரவு நிற்கவில்லை. கடன் திருப்பித் தரவியலாத பர்மியக் குடியானவர் நிலத்தை இழந்தனர்; கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வயல் செட்டியார்கள் கைக்குச் சென்றது. அங்கே அது கசப்பை விளைத்தது. பின்னாளில் அக்கசப்பும் அரசியலாயிற்று.

1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மிராசுதார்கள் பத்தாண்டுகளாக வேண்டிக்கொண்ட தடை ஒரே திங்களில் கிடைத்தது. ஆனால் அவர்கள் வேண்டிய வடிவில் அன்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்புரி வழியாகவும் காட்டிலும் மலையிலும் நடந்து வந்தனர். வழியில் மடிந்தவர் பலர். பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரும் இலங்கையும் பட்டினியின் விளிம்பிற்கு வந்தன. 1943-இல் வங்கத்தில் பஞ்சம் கொன்றவர் தொகை இலட்சங்களில் எண்ணத்தக்கது. அப்பஞ்சத்திற்குப் பர்மா அரிசி நின்றது ஒன்றே காரணமன்று. புயலும், பதுக்கலும், ஆட்சியாளர் பிழையும் சேர்ந்தன. ஆயினும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றதனால் எழுந்த அச்சமே விலையை முதலில் ஏற்றிற்று என்பர். தஞ்சை நெல் அரசாங்கக் கொள்முதலுக்குள் வந்தது. பங்கீட்டு அட்டை பிறந்தது.

இலங்கை இதனின்று கற்ற பாடம் சுவையானது. 1952-இல் அந்நாட்டிற்கு அரிசி கிடைப்பது அரிதாயிற்று; அதன் இரப்பருக்கோ விலை வீழ்ந்திருந்தது. அமெரிக்கா, கொரியப் போரை முன்னிட்டுச் சீனத்திற்கு இரப்பர் முதலியன செல்லலாகாது என்று வற்புறுத்திய காலம் அது. இலங்கை அன்று பொதுவுடைமைக்கு நட்பான நாடன்று; ஐக்கிய நாடுகள் சபையிலும் இன்னும் சேரவில்லை. இருந்தும் அவ்வாண்டு டிசம்பரில் சீனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் 50,000 டன் இரப்பரைக் கொடுத்து 2,70,000 டன் அரிசி பெற வழி செய்துகொண்டது. அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. இலங்கை அசையவில்லை. பசி முதலில், நட்பு பின்னர் என்று ஒரு சிறு நாடு துணிந்ததற்கு இது நல்ல சான்று.

கடைசியாக, என் வீட்டுக் களத்துச் செய்தி ஒன்று. 2023 ஜூலை 20-ஆம் நாள் இந்திய அரசு பாசுமதியல்லாத வெள்ளையரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டு 25 முதல் புழுங்கலரிசிக்கு நூற்றுக்கு 20 வீதம் ஏற்றுமதி வரியும் விதித்தது. உள்நாட்டில் விலை ஏறியமையே காரணம் என அறிவித்தனர். உக்ரைன் போரினால் உலகச் சந்தையில் தானியம் குறித்து முன்பே அச்சம் நிலவிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதியும் தடைப்பட்டிருந்தது. எங்கள் பகுதியில் விளையும் நெல்லில் பெரும்பங்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்திற்கே செல்வதால், தடையின் அடி நேரே எங்கள்மேல் விழவில்லை. ஆயின் என் பாட்டனார் இரண்டு மா நிலத்தில் மட்டும் சன்ன ரகம் பயிரிட்டு, வெளிநாட்டிற்கு அரிசி அனுப்பும் வியாபாரி ஒருவருக்கு வாய்ப்பேச்சாக விலை பேசியிருந்தார். அறுப்பு முடிந்து நெல் களத்தில் கிடந்தபோது, தொலைபேசியில் அவ்வியாபாரியைப் பன்முறை அழைத்தும் விடையில்லை. பின்னர் உள்ளூரில் குறைந்த விலைக்கே அது போயிற்று. வியாபாரியையும் முழுதும் குறை கூற மனம் வரவில்லை; அவருடைய மூடைகளும் எந்தத் துறையில் கிடந்தனவோ.

அக்காலத்தில்தான் செய்தித்தாளில் மற்றொன்று படித்தேன். தடை பொதுவாயினும், நட்பு நாடுகள் கேட்டுக்கொண்டால் அரசோடு அரசு பேசி விடுக்கலாம் என்று விதி இருந்தது. அவ்வாறே சிங்கப்பூருக்கு 50,000 டன்னும், பூட்டானுக்கு 79,000 டன்னும், மொரீசியசுக்கு 14,000 டன்னும், பின்னர் ஐக்கிய அரபு நாட்டிற்கு 75,000 டன்னும் இசைவு பெற்றன. மூடைமேல் புலி பொறித்த வழக்கம் மறையவில்லை. முத்திரை மட்டும் தாளுக்கு மாறியுள்ளது. 2024 செப்டம்பர் இறுதியில் தடை நீங்கியது.

பட்டியலைப் பாட்டனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் இளமையில் தம் சிற்றப்பாவை நாகபட்டினத்தில் பினாங்குக் கப்பலேற்றி வழியனுப்பியவர். சிறிது நேரம் களத்துப் பதரைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்துவிட்டு, "சிங்கப்பூருக்கு மட்டும் போகுமாமே தம்பி, அதிலே நம்ம நெல்லும் இருக்குமா?" என்று கேட்டார். "தெரியவில்லை தாத்தா" என்றேன்.